நாலாவது கடிதம் இன்னும் வரவில்லை



கடந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எமது பாடசாலையில் ஒரு சிறிய பெற்றோர் கூட்டம் நடந்தது. வர முடியாமல் போனவர்கள் "என்ன கதைச்சீங்க, என்னமோ ஓட்டப் போட்டி வீடியோ காட்டினீங்களாமே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

விஷயம் இதுதான். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து, 16 வயதுக்குட்பட்ட பெண்கள் 4×100 மீற்றர் அஞ்சலோட்டத்துக்கு நான்கு பிள்ளைகளைத் தெரிவு செய்தோம். அடுத்த மாதம் வலய மட்டப் போட்டி. சென்ற வருடமும் இப்படி நான்கு பேரைத் தெரிவு செய்தோம். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. நாலில் ஒன்று குறைந்தால் அஞ்சலோட்டம் இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளும் அன்றைக்கு வகுப்பில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். நாங்களும் பேசாமல் இருந்தோம். அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்களுடைய பிழை. இந்த வருடம் அப்படி இருக்கக் கூடாது என்றுதான் கூட்டம் வைத்தோம்.

கூட்டத்தில் ஸ்மார்ட் போர்ட்டில் ஒரு பழைய ஓட்டத்தைக் காட்டினோம். 2000 செப்டெம்பர் 25, சிட்னி ஒலிம்பிக், பெண்களுக்கான 400 மீற்றர் இறுதிப் போட்டி. மைதானத்தில் ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான சனம். ஆறாவது சுவட்டில் அவுஸ்திரேலியாவின் கெத்தி ஃப்ரீமன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடுப்பு. அதோடு சேர்த்துத் தைத்த தொப்பி தலைமுடி முழுவதையும் மூடியிருக்கிறது. முகம் மட்டும்தான் வெளியே தெரிகிறது.

பேத்திக்காக வந்திருந்த ஒரு மூத்தம்மா முன் வரிசையில் இருந்தார். "டீச்சர், இது நம்மட ஆக்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் எங்கள் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. அவர் முஸ்லிம் இல்லை. அந்த உடுப்பு மார்க்கத்துக்காக அணிந்ததும் இல்லை. காற்றின் தடையைக் குறைப்பதற்காக நைக்கி நிறுவனம் செய்துகொடுத்தது. ஆனால் ஒன்று மட்டும் அதில் விளங்குகிறது. உடம்பை மூடினால் ஓட முடியாது என்பது சரியில்லை. முழுக்க மூடிய உடுப்போடுதான் அன்றைக்கு அவர் 49.11 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தார். ஆறு வருடம் கழித்து டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா ஹிஜாபோடு ஓடி 200 மீற்றரில் தங்கம் எடுத்தார். எமது பிள்ளைகளுக்கும் முழுக்கை ஜேர்சி, நீளக் காற்சட்டை, இறுக்கமாக நிற்கும் பர்தா என்று ஏற்கனவே தைக்கக் கொடுத்தாயிற்று. நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்துக்கொண்ட செய்தியைக் கூட்டத்துக்கு வந்திருந்த மௌலவி நினைவுபடுத்தினார். அதோடு உடுப்புப் பற்றிய பேச்சு முடிந்தது.

ஆனால் மூத்தம்மா விடவில்லை. "நம்மட ஆக்கள் இல்லாட்டி அப்ப இந்தப் புள்ள ஆரு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் நேரம் எடுத்தது.

கெத்தி ஃப்ரீமன் 1973இல் குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் மக்காய் என்ற ஊரில் பிறந்தவர். அபொரிஜினல் எனப்படும் பூர்வீகக் குடியைச் சேர்ந்தவர். அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த சனம், வெள்ளையர் வந்த பிறகு சொந்த நாட்டிலேயே ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 1970 வரைக்கும் கூட பூர்வீகக் குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வேறு வீடுகளிலும் வளர்க்கும் வழக்கம் அரசாங்கக் கொள்கையாகவே இருந்தது. 'திருடப்பட்ட தலைமுறையினர்' என்று இன்றைக்கு அவர்களைச் சொல்கிறார்கள். கெத்தியின் பாட்டியும் அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு பிள்ளை.

கெத்திக்கு ஆன் மேரி என்றொரு மூத்த சகோதரி இருந்தார். மூளை வாதத்தோடு பிறந்தவர், நடக்க முடியாது. நல்ல இரண்டு கால்கள் தனக்குக் கிடைத்திருக்கின்றன, அதை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தை அவர்தான் கெத்திக்குள் விதைத்தார். 1990இல் ஓக்லாந்தில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் கெத்தி முதல் தங்கம் எடுத்தார். வயது 16. நிகழ்ச்சி 4×100 மீற்றர் அஞ்சலோட்டம். எமது பிள்ளைகள் ஓடப் போகும் அதே ஓட்டம். அதற்குச் சில நாட்களில் ஆன் மேரி காலமானார்.

நான்கு வருடம் கழித்து, கனடாவின் விக்டோரியா நகரில் அடுத்த பொதுநலவாயப் போட்டி. 400 மீற்றரில் தங்கம். வென்றவர்கள் தம் நாட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது வழக்கம். கெத்தி முதலில் எடுத்தது கறுப்பும் சிவப்பும் நடுவில் மஞ்சள் வட்டமும் கொண்ட தன் மக்களின் கொடியை. பிறகு அவுஸ்திரேலியக் கொடியையும் எடுத்து, இரண்டோடும் ஓடினார்.

"ஏசல்லயா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்.

ஏசினார்கள். அணியின் தலைமை அதிகாரியே பகிரங்கமாகக் கண்டித்தார். இனி அந்தக் கொடியைத் தூக்கக் கூடாது என்றார். சில நாட்களில் 200 மீற்றரிலும் கெத்தி தங்கம் எடுத்தார். மறுபடியும் இரண்டு கொடிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்போது வயது 21. நாட்டின் பிரதமர் அவர் பக்கம் நின்றார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். எம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. நீ முதலில் யார், உன் சமூகத்து ஆளா, இந்த நாட்டு ஆளா? கேட்கிறவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள், நாமும் சில நேரம் எமக்குள் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம். ஒன்றைத் தூக்கினால் மற்றதைக் கீழே போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது போல. அந்தப் பெண் இந்தக் கேள்விக்குப் பேசிப் பதில் சொல்லவில்லை. முதலில் ஓடி வென்றார். பிறகு இரண்டையும் தூக்கினார். தன் சனத்தை மறைத்துக்கொண்டு நாட்டுக்காக ஓடவும் இல்லை, நாட்டோடு கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடவும் இல்லை.

இனி சிட்னிக்கு வருவோம். நான்கு வருடத்துக்கு முன் அட்லாண்டாவில் பிரான்சின் மரி ஜோசே பெரெக்கிடம் தோற்று வெள்ளி எடுத்திருந்தார். பிறகு 1997, 1999 இரண்டு வருடமும் உலக சம்பியன். சிட்னியில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. பத்து நாளில் அதே மைதானத்தில் ஓட வேண்டும். முழு நாட்டின் எதிர்பார்ப்பும் ஒருவர் தோளில். கடைசி 100 மீற்றருக்குள் திரும்பும்போது ஜமேக்காவின் லொரெய்ன் கிரஹமும் பிரித்தானியாவின் கத்தரின் மெரியும் பக்கத்திலேயே நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அவர் விலகிப் போனார். கோட்டைத் தாண்டியதும் துள்ளவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த ஆள் உட்காருவது போல. பிறகு எழுந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கொடிகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்தைச் சுற்றினார். இந்த முறை முழு மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது.

மூன்று நாளில் 200 மீற்றர் இறுதிப் போட்டி. அதிலும் கெத்தி ஓடினார். அதே கோட்டில் நின்ற இன்னொருவர் எமது சுசந்திகா ஜயசிங்க. கேகாலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போனவர். 22.28 செக்கனில் ஓடி வெண்கலம் எடுத்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக் குற்றத்தால் பறிக்கப்பட்ட பிறகு அது வெள்ளியானது. கெத்தி அன்றைக்குச் சுசந்திகாவுக்குப் பின்னால்தான் வந்தார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பியதே, அதைக் கேட்டிருக்க வேண்டும். சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று அந்தச் சத்தத்துக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒரு ஓட்டத்தால் ஒரு நாடு திருந்திவிடாது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரியில்தான். கெத்தி ஓடி ஏழு வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

இதற்குப் பிறகுதான் அந்தத் தகப்பன் எழுந்தார். சென்ற வருடம் அனுமதி கொடுக்காதவர் அவர்தான். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். யாரென்று யாரும் தேட வேண்டாம்.

"டீச்சர், எனக்கு உடுப்புப் பிரச்சின இல்ல. 2019க்குப் பிறகு பஸ்ஸில போகக்குள்ள எங்கட பொம்புளப் புள்ளைகளப் பாக்குற பார்வை எனக்குத் தெரியும். அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ட மகள் தலையில துணியோட நிக்கணும். யாராவது ஒண்டு சொல்லிட்டா அந்த இடத்தில அவளுக்கு ஆரு இருக்கா?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் பிடிவாதக்காரர் என்றுதான் ஒரு வருடமாக நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பயந்திருந்தார். நாங்கள் கேட்காததால் எங்களுக்குத் தெரியவில்லை.

அவருக்கு இன்னொரு அவுஸ்திரேலியரின் கதையைச் சொன்னோம். பீற்றர் நோர்மன். மெல்பேர்னைச் சேர்ந்த வெள்ளையர், எங்களைப் போல ஒரு ஆசிரியர், உடற்கல்வி படிப்பித்தவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் 20.06 செக்கனில் ஓடி வெள்ளி எடுத்தார். தங்கமும் வெண்கலமும் எடுத்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர்களான டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும். தம் மக்களுக்கு நடக்கும் அநியாயத்தைக் காட்ட, பதக்க மேடையில் இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். உலகம் முழுக்கப் பார்த்த படம் அது. அதில் முன்னால் நிற்கும் நோர்மன் கையை உயர்த்தவில்லை. ஆனால் நெஞ்சைப் பாருங்கள். அவர்கள் இருவரும் குத்தியிருந்த மனித உரிமைச் சின்னத்தை அவரும் கேட்டு வாங்கிக் குத்தியிருந்தார். அது அவருடைய பிரச்சினை இல்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு இன்னொரு ஒலிம்பிக்கில் அவர் ஓடவில்லை. 2006இல் அவர் இறந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்து சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும். அவருடைய 20.06 செக்கன் அவுஸ்திரேலியச் சாதனையாக 56 வருடம் நின்றது. 2024 டிசம்பரில் அதை முறியடித்தவர் கௌட் கௌட் என்ற 16 வயதுப் பாடசாலை மாணவன். தென் சூடானிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. முறியடித்த இடம் பாடசாலைகளுக்கிடையிலான போட்டி.

பிறகு அந்தத் தகப்பனிடம் ஒன்று சொன்னோம். எமது மைதானத்தில் ஒரு முழு வளைவு ஓட இடமில்லை என்று உங்களுக்குத் தெரியும். வளைவில் கோலை மாற்றுவதை உங்கள் மகள் எங்கே பழகினாள்? பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலை மைதானத்தில். பழக்கியவர் அந்தப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய பிள்ளைகள் எமது பிள்ளைகளோடு அதே போட்டியில் ஓடப் போகிறவர்கள். அது தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு காலையும் மைதானத்தைத் திறந்து வைத்திருக்கிறார். "அவளுக்கு ஆரு இருக்கா" என்று கேட்டீர்களே, அவர் இருப்பார். நாங்கள் இருப்போம்.

இதை எழுதும்போது எங்களுக்கே ஒரு வெட்கம். எமக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். நாம் யாருக்குப் பக்கத்தில் போய் நின்றோம் என்று கேட்பது குறைவு. அந்தப் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு இத்தனை வருடத்தில் எமதூரிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறோம்? இந்த வருடம் போவோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மூன்று கடிதங்கள் கையொப்பத்தோடு வந்துவிட்டன. நாலாவது இன்னும் வரவில்லை. நாங்கள் அவசரப்படுத்தவும் இல்லை. ஆனால் நேற்றுக் காலை ஆறரைக்குப் பயிற்சிக்குப் போனபோது, அவர் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வலயப் போட்டிக்கு முடிந்தவர்கள் வாருங்கள். தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்று தந்தாலும் சந்தோஷம். பிள்ளைகளுக்காகத் துஆ செய்யுங்கள். கோல் கையிலிருந்து விழக் கூடாது என்று குறிப்பாகக் கேளுங்கள், இரண்டாவது மாற்றம் இன்னும் சரியாக வரவில்லை.