காய்க்கும் வரை காத்திருப்பது

அம்பிட்டியவுக்கு மேலே எழும் ஹந்தானைப் புல்வெளியில் ஓர் அவரைப்பூ கண்ணில் பட்டால் நான் பூவைக் கடைசியில்தான் பார்ப்பேன். இந்தக் குடும்பத்தில் பூதான் அதிகம் ஏமாற்றும். மேலே நிமிர்ந்த பெரிய இதழ், பக்கத்துக்கு ஒரு சிறகிதழ், கீழே படகாய்ச் சேர்ந்த இரண்டு. வீட்டுப் பயற்றங்கொடியிலும் இதுதான், மானாப்புல்லுக்குள் ஒளிந்திருக்கும் காட்டுச்செடியிலும் இதுதான்.

இலை அவ்வளவு ஏமாற்றாது. சிற்றிலைகள் இறகுபோல் வரிசையாக இருந்தால் கொழுஞ்சி, அவுரி என்று யோசிக்கலாம். கொழுஞ்சிச் சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் குறுக்கே கிழியாது, நரம்பின் சாய்வோடு அம்புமுனையாகப் பிரியும். அவுரிக்குக் கைவில்லை வேண்டும்: இலையில் படிந்த மயிர் ஒவ்வொன்றும் நடுவில் ஒட்டிக்கொண்டு இருபுறமும் நீண்டிருக்கும்.

மஞ்சள் பூவும் ஊதிய காயும் என்றால் கிலுகிலுப்பை, அதாவது குரோட்டலேரியா. காய் உலர்ந்து விதை கழன்றபின் ஆட்டிப் பார்த்துச் சின்னப்பிள்ளையே சொல்லிவிடும். எந்தக் கிலுகிலுப்பை என்பதில்தான் வேலை. படகிதழ் அலகுபோல் வளைந்திருக்கும். உள்ளே பத்து மகரந்தக் கேசரங்களும் அடியில் ஒன்றாய்க் கூடியிருக்கும். ஐந்தின் மகரந்தப்பை நீளம், ஐந்தினுடையது உருண்டை, மாறிமாறி. தேனீ வந்து அமர்ந்து அழுத்தினால் அலகின் நுனியால் மகரந்தம் பிதுங்கி வரும். இதைப் பார்ப்பதற்காகவே சரிவில் குந்தியிருந்து முழங்கால் வலிக்க எழுந்திருக்கிறேன்.

ஆனால் இவ்வளவும் எல்லாக் கிலுகிலுப்பைக்கும் பொது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பசளைக்காக அமெரிக்க வெப்பநாட்டுக் குரோட்டலேரியா மைகன்ஸை விதைத்தார்கள். பழைய நூல்களில் அதன் பெயர் அனாகைராய்டிஸ். மூன்று சிற்றிலையும் கண்ணைப் பறிக்கும் பூங்கொத்துமாக அது வேலி தாண்டித் தெருவோரம் வந்துவிட்டது. நம் கிலுகிலுப்பைகளில் அல்பிடாவும் வாக்கரியும் ஒற்றை இலைக்காரர்கள். அதற்காக மூன்று சிற்றிலையைக் கண்டதும் அந்நியன் என்று தள்ளிவிட முடியாது: வறண்ட வலயத்து லபர்னிபோலியா நம்முடையது, அதற்கும் மூன்றுதான். ஆகவே நிற்கிற இடத்தையும் கேட்க வேண்டும். வெட்டிய மண்ணிலா, பழைய தேயிலை ஓரத்திலா, புல்லுக்கு நடுவிலா? அல்பிடாவுக்கு அடியில் கட்டையாய்த் தடித்த வேர் உண்டு. அப்படிப்பட்ட செடி தீயில் மேல்பகுதி கருகினாலும் மீண்டும் தளிர்க்கும்.

வாடிய கிளையில் புலிவரி வண்ணத்துப்பூச்சி ஆண்கள் மொய்த்திருந்தாலும் கிலுகிலுப்பை என்று ஐயப்படலாம். சாற்றிலுள்ள அல்கலாய்டைச் சேர்த்துப் பெண்ணைக் கவரும் வாசனைக்குப் பயன்படுத்துகின்றன. அதே வகை நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும்.

பெயர் முடிவாக வேண்டுமென்றால் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். 1880 முதல் 1896 வரை அங்கே பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமனின் இலங்கைத் தாவர நூல் இன்றும் எனக்கு முதல் துணை. அவரைக் குடும்பம் அதன் இரண்டாம் பகுதியில், 1894இல் வந்தது. பெயர்கள் சில மாறிவிட்டன, வருணனை மாறவில்லை.

ஹந்தானை பாதுகாக்கப்பட்ட பிரதேசம் என்பதால் நான் பறிப்பதில்லை. இலையின் அடி, புல்லிவட்டத்தின் மயிர், முற்றிய காய் ஆகிய மூன்றையும் படமெடுக்கிறேன். இளைஞர்கள் கைபேசியில் பூவின் முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து, “இது என்ன அங்கிள்?” என்று கேட்பார்கள். காய்க்கும்போது திரும்பவும் மலை ஏறச் சொல்லி அனுப்பிவிடுவேன்.