ஓசையும் வெப்பமும்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் சிலர் நகைப்பர் என்பதை யான் அறிவேன். ஆயினும் நாமக்கல் வட்டாரத்திற் பிறந்தவனுக்கு இது புறம்பான பொருளன்று. சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இச்சமவெளியில் ஏரும் மாடும் எவ்வளவு பழகியவையோ, அவ்வளவு பழகியது லாரி. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டியோசை கேளாத நாள் நாமக்கல்லில் அரிது. சங்ககிரியிலும் லாரித் தொழிலே பலருக்குச் சோறிடுகிறது. திருச்செங்கோட்டினின்று புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை வடநாட்டிலும் காணலாம். என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகள் லாரி ஓட்டியவர். யான் தொட்டிலிற் கிடந்து கேட்ட தாலாட்டில் பாதி அன்னையாருடையது. மற்றைப் பாதி டீசல் எஞ்சினுடையது.

தந்தையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாட் பயணத்திற்குப் பின் வீட்டு வாயிலில் வந்து நின்றாலும், அவர் எஞ்சினை உடனே அணைக்க மாட்டார். இரண்டு நிமிடமேனும் அதனை மெல்ல ஓடவிட்டு, இருக்கையிலேயே அமர்ந்திருப்பார். கீழே நின்று கைகளை நீட்டிக் குதிக்கும் எமக்கோ அவ்விரண்டு நிமிடம் இரண்டு நாழிகையாகத் தோன்றும். ஒருமுறை யான் அழுதுகொண்டே, “அப்பா, எங்களைப் பார்க்க உங்களுக்கு ஆசையில்லையா?” என்று கேட்டேன். அவர் சிரித்து, “டர்போ சூடாக இருக்கிறது கண்ணு. அதுவும் நம்மோடு ஓடி வந்த உயிர்தானே? கொஞ்சம் ஆறட்டும்,” என்றார்.

அவ்வுயிர் யாதென்பதைப் பின்னர்க் கற்றேன். எஞ்சினினின்று வெளிப்படும் புகை வீணே காற்றிற் கலவாது, ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தின் அச்சிலேயே பொருந்திய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளை மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் மிகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூகி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சான்போர்டு மாஸ், விமான எஞ்சின் ஒன்றைப் பைக்ஸ் பீக் என்னும் 14,000 அடி மலைமீது ஏற்றி, காற்று நொய்ந்த அவ்வுயரத்திலும் இக்கருவி எஞ்சினின் வலிமையைக் காக்கும் என்று காட்டினார். கழிவென்று தள்ளியதையே துணையாகக் கொண்ட இவ்வறிவு வியத்தற்குரியது.

ஆனால் இதற்கு விலை உண்டு, அவ்விலை வெப்பம். சிறு கார்களின் டர்போச் சக்கரம் நிமிடத்திற்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போது அதன்மீது மோதும் புகை 900 பாகை செல்சியசையும் எட்டும். இவ்வளவிற்கும் அதன் அச்சு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கிறது. எஞ்சினைத் திடீரென அணைத்தால் எண்ணெயோட்டம் நின்றுவிடும். தேங்கிய எண்ணெய் அவ்வெப்பத்திற் கருகிக் கரியாகி, அச்சுத் தாங்கியைத் தேய்க்கும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் டர்போவைக் குளிர்விக்கத் தனி நீரோட்டமும் உண்டு. எனினும் என் தந்தையார் போன்றார் காத்த இரண்டு நிமிடம், புத்தகம் படியாமலே பெற்ற பொறியியல் என்பேன்.

என் தமையனார் பெங்களூரில் ஓர் அலுவலில் அமர்ந்து, ஈராண்டு சேமித்து, டர்போ பொருந்திய பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாங் கையாக வாங்கினார். அது விரைவிற் குறைந்ததன்று, ஓசையிற் குறைந்தது. அவ்வமைதி அவருக்கு ஒரு குறையாகத் தோன்றிற்று. நண்பர் சிலர் தூண்ட, சேலத்தில் ஓரிடத்தில் அதன் புகைக்குழாயைக் களைந்து அகன்ற புதுக்குழாயைப் பொருத்த முடிவு செய்தார். அவரைத் தூண்டியவருள் யானும் ஒருவன் என்பதை மறைத்தற்கில்லை. சிங்கம் உறுமுவது போன்ற அவ்வோசையைக் கைப்பேசியிற் கேட்டுக் கேட்டு யானும் மயங்கியிருந்தேன்.

வேலை நடந்த அன்று யானும் உடன் சென்றேன். பழைய குழாயோடு, புகையின் நஞ்சைத் தணிக்கும் கருவியும் சைலன்சரும் கழற்றப்பட்டன. எஞ்சினை ஆளும் கணினியையும் திருத்தி, டர்போவின் அழுத்தத்தை உயர்த்தினர். எல்லாம் முடிந்தபின், சுருக்கங்கள் நிறைந்த ஒரு மெல்லிய தகடு தரையிற் கிடந்ததைக் கண்டு, “இது வேண்டாவா?” என்று கேட்டேன். “புதுக்குழாய் பருமனானது, அதற்கு இடமில்லை. வெறுந் தகடுதானே!” என்றார் அங்கிருந்த தொழிலாளி. யான் அதனை எடுத்து வண்டியின் பின்பேழையில் இட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்பின் விடையில்லை. பட்டறைகளின் நடுவே வளர்ந்தவனுக்கு இரும்பை எறிய மனம் வருவதில்லை என்பதே காரணம் போலும்.

இங்கே ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும். அகன்ற குழாய் தன்னளவில் எஞ்சினை வெதுப்பும் என்பது முற்றும் சரியன்று. டர்போவின் பின்புறம் தடை குறைந்தால் சக்கரம் எளிதிற் சுழலும். புகையின் வெப்பம் சிறிது தணிதலுங்கூடும். தீங்கு அதனோடு வரும் பிறவற்றால் விளைகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உருளையைச் சுழற்றும் வேலையாகிறது. பிறிதொரு மூன்றிலொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியை ரேடியேட்டரே வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தை உயர்த்தி எரிபொருளை மிகுத்தால், ஆற்றலோடு வெப்பமும் மிகும். ரேடியேட்டரோ பழைய அளவினதே. பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பில் இருபது பேருக்கு உலையேற்றி, புகை போகும் வழியை மட்டும் அகலப்படுத்தினால் போதுமா?

வீடு திரும்பிய மாலையில் தந்தையார் வண்டியைச் சுற்றி வந்தார். புதிய ஓசையைப் பற்றி ஒன்றும் சொன்னாரில்லை. முன்மூடியைத் திறந்து சிறிது நேரம் நோக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, “கழற்றினதை எல்லாம் திரும்ப மாட்டினார்களா தம்பி?” என்றார். தமையனார் என்னைப் பார்த்தார். “மாட்டிவிட்டார்களுங்க அப்பா,” என்றேன் யான். ஒரு சொல்தான், அதனைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவும் இல்லை.

சென்ற ஆண்டு ஈஸ்டர் திருநாளுக்கு மறுநாள், குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. தமிழ் பயில்வான் காணாதிருத்தல் தகுமோ என்று யானே அனைவரையும் வற்புறுத்தினேன். சேந்தமங்கலம் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடையும்போதே வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து மலைமேற் செல்லுதற்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறக்குறைய நின்று, கீழ்க் கியரில் முழு வலிமையோடு மீண்டும் ஏறவேண்டும். வேகம் குறைதலின் முன்புறத்துக் காற்று ரேடியேட்டரிற் போதிய அளவு புகாது. எஞ்சினின் உழைப்பு மிகுதி, குளிர்ச்சி குறைவு. உள்ளேயோ ஐந்து பேரும், ஓயாது ஓடும் குளிர்சாதனமும். புதுக்குழாயின் முழக்கம் மலைச்சரிவில் மோதி மீள, தமையனார் முகம் மலர்ந்திருந்தது.

நாற்பதாம் வளைவைக் கடந்து சில வளைவுகள் சென்றிருப்போம். பின்னிருக்கையில் அன்னையார்க்கும் பாட்டியார்க்கும் இடையே இருந்தேன். முன்னிருக்கையில் இருந்த தந்தையார் திடீரென மூக்கைச் சுருக்கி, “இனிப்பு வாடை அடிக்கிறது. ஓரமாக நிறுத்து,” என்றார். “முள் நடுவில்தான் இருக்கிறதுங்க அப்பா,” என்று தமையனார் வெப்பமானியைக் காட்டினார். “முள்ளைப் பார்க்காதே, நிறுத்து. எஞ்சினை அணை!” என்றார் அவர். இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டுமென்று எமக்குக் கற்பித்தவர் உடனே அணைக்கச் சொன்னது எமக்கு வியப்பாயிற்று. கூலண்டு வற்றிய எஞ்சினுக்கு அவ்விரண்டு நிமிடமும் நஞ்சு என்பது அவர் அறிந்தது. வெப்பத்தை அளக்கும் உறுப்பு நீரில் மூழ்கியிருந்தாலன்றிச் சரியாக அளவாது என்பதும், கூலண்டில் கலந்துள்ள பொருள் கசிந்து சூடான இரும்பிற் பட்டால் இனிய வாடை எழும் என்பதும் அவர் அறிந்தனவே. வண்டி நின்றதும் முன்மூடியின் இடுக்குகளில் வெண்ணிற ஆவி சீறிற்று. அச்சீற்றம் முன்னமே எழுந்திருத்தல் வேண்டும். குழாயின் முழக்கத்தில் எம்முள் ஒருவர் செவியிலும் அது படவில்லை.

தமையனார் பதற்றத்தோடு மூடியைத் திறந்து, ஒரு துணியைப் பற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியின்மீது கை வைத்தார்.

“கையை எடுடா!”

வளர்ந்த மகனைத் தந்தையார் அவ்வாறு விளித்ததை யாம் அதற்குமுன் கேட்டதில்லை. அவர் பாய்ந்து அக்கையைத் தட்டிவிட்டார். பிறகு மூச்சு வாங்க நின்று, தம் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலேறும் சுருங்கிய வெளுத்த தழும்பை யாம் பிறந்தது முதல் கண்டிருக்கிறோம். எப்படி வந்ததென்று ஒருநாளும் கேட்டோமில்லை. “தொப்பூர்க் கணவாய். உனக்கு அப்போது மூன்று வயது,” என்று தமையனாரை நோக்கிச் சொன்னார். வேறு சொல்லவில்லை. மூடிய அமைப்பினுள் அழுத்தம் மிகுந்திருத்தலின் நீர் 100 பாகையிற் கொதியாது, 120 பாகை வரையிலும் அடங்கியிருத்தல் கூடும். மூடியைத் திறந்த கணமே அது முழுதும் கொதித்துப் பொங்கி முகத்தில் அறையும். இதனை யான் பௌதிக நூலிற் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் மர நிழலில் அமர்ந்திருந்தோம். எஞ்சின் ஆறியபின் தந்தையார் குனிந்து ஆராய்ந்தார். புகைக்குழாயை அடுத்துச் சென்ற ரப்பர் ஹோஸ் ஒன்று கருகி விறைத்து, ஓரிடத்தில் வெடித்திருந்தது. “இங்கே ஒரு தகடு இருந்திருக்க வேண்டுமே,” என்றார். யான் எழுந்து சென்று பின்பேழையைத் திறந்து, அத்தகட்டைக் கொணர்ந்து அவர் கையிற் கொடுத்தேன். “மாட்டவில்லைங்க அப்பா. அன்றைக்கு நான் பொய் சொன்னேன்,” என்றேன். அவர் தகட்டையும் என்னையும் மாறி மாறி நோக்கினார். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “சூடு ஹோஸில் தாக்காமல் இருக்கத்தான் இதை வைத்தார்கள். வைத்தவன் முட்டாள் அல்ல,” என்று மட்டும் கூறி, அதனைத் தம் மடிமீது வைத்துக்கொண்டார்.

வாழைத்தார் ஏற்றிக் கீழே இறங்கிவந்த ஒரு சரக்கு வண்டியின் ஓட்டுநர் எம்மைக் கண்டு நிறுத்தி, ரப்பர்ப் பட்டையும் இரண்டு குடம் தண்ணீரும் உதவினார். ஹோஸை இறுகக் கட்டி நீர் நிரப்பி, உழைப்புக் குறைந்த இறக்கத்திலேயே மெல்லத் திரும்பினோம். ஓரி ஆண்ட மலையுச்சியை அன்று கண்டோமில்லை.

சைலன்சர் இன்றி ஊர்தி ஓடலாகாது என்பது 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. செய்தோர் வகுத்த அமைப்பினின்று ஊர்தியை மாற்றலாகாது என்னும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019-ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. இவற்றை யான் பின்னரே அறிந்தேன். சட்டத்திற்கு அஞ்சித் திருந்தினோம் என்று சொல்வதற்கில்லை. அடுத்த வாரமே தமையனார் பழைய குழாயையும், புகையின் நஞ்சைத் தணிக்கும் கருவியையும், கணினியின் பழைய அமைப்பையும் மீட்டுப் பொருத்தினார். தகட்டைத் தந்தையாரே தம் கையால் மாட்டினார். திருப்புளியை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

சைலன்சரை ஓசையை அடக்கும் கருவி என்றே எண்ணியிருந்தேன். எஞ்சின் தன் துன்பத்தைச் சொல்லும்போது நாம் கேட்பதற்கும் அதுவே இடந் தருகிறது. நண்பர்காள், உங்களுள் டர்போ வண்டியுடையார் பலர் இருப்பீர்கள். ஆற்றலை மிகுக்க விரும்பின், வெப்பம் போகும் வழியை முதலிற் காணுங்கள். கழற்றியது எதுவாயினும், அஃது ஏன் அங்கிருந்தது என்று கேட்டறியுமுன் எறியாதீர்கள்.

இப்பொழுது தமையனார் விடுமுறைக்கு வரும்போது வண்டி ஓசையின்றி வாயிலில் நிற்கும். அவர் உடனே இறங்குவதில்லை. தந்தையார் திண்ணையில் அமர்ந்தபடி அவ்விரண்டு நிமிடமும் ஒன்றும் பேசாது பார்த்திருப்பார்.