வால்பாறையில் நாலு நாள்

மலைவாசஸ்தலம் என்றால் நம்மவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வரும். ஏரியில் படகு விட வேண்டும். குதிரைமேல் ஏறிப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது தைலமும் சாக்லேட்டும் வாங்கிவர வேண்டும். இந்தத் தொந்தரவு எதுவும் இல்லாத மலை ஒன்று உண்டு. அதுதான் வால்பாறை. ஜூலை மாதத்தில் நானும் என் மனைவியும் அங்கே நாலு நாள் தங்கினோம்.

"ஜூலையிலா? மழை கொட்டுமே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதற்காகத்தான் போகிறோம்" என்றாள் என் மனைவி.

பொள்ளாச்சியில் நல்ல வெயில். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் இரண்டு வரையாடுகள் நின்று, "இவர்கள் யார்?" என்பது போல எங்களைப் பார்த்தன. இன்னும் மேலே போனதும் மேகம் டிக்கெட் வாங்காமலே பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது.

அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் முட்டி, சுமந்துவந்த நீரில் பெரும்பங்கை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பொள்ளாச்சிக்குக் கிடைப்பது மிச்சம்தான். வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக் காட்டுப் பக்கம் நடந்தோம். இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு பெண்கள் கொட்டும் மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படி நனைகிறீர்களே, காய்ச்சல் வராதா அக்கா?" என்று என் மனைவி ஓர் அம்மாளைக் கேட்டாள்.

"மழை நிக்கட்டும்னு உட்கார்ந்தா கொழுந்து முத்திப்போயிடும் அம்மா. காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கு. முத்தின இலைக்கு மருந்து ஏது?" என்றவள், என் காலைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று அட்டைகள் சாவகாசமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மடியிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலைத் தூள் எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளிகள் உடனே விடைபெற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. சாலையோர டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"ஸார், அம்மாவைக் கூட்டிக்கிட்டு உள்ளே வாங்க. யானை நிக்குது. பொறுத்துப் போகலாம்."

கடைக்குள் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் தம் செல்போனை எங்களிடம் காட்டினார். எந்த எஸ்டேட்டில், எந்த இடத்தில் யானைகள் நிற்கின்றன என்று தமிழில் செய்தி வந்திருந்தது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து 2011-ல் செய்த ஏற்பாடு இது. சுற்று வட்டாரத்தில் யானை வந்தால் விவரம் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் செல்போன் மூலமே விளக்கை எரிய விடுவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காட்டை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். யானைக்கோ பழைய வழி மறக்கவில்லை. ஆற்றோரமாக மிஞ்சியிருக்கும் மரங்களை அண்டி அது நடக்கிறது. போகிற வழியில் ரேஷன் கடை அரிசியையும் ருசி பார்ப்பதுண்டு. அதற்கு மனிதர்மேல் விரோதம் இல்லை. இருட்டிலும் மழையிலும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எதிர்ப்படுவதில்தான் ஆபத்து.

"எங்க அண்ணன் போனபோது இந்த விளக்கு இல்லை ஸார்" என்றார் டீக்கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே. வேலை முடிந்து ராத்திரி வீட்டுக்கு நடந்தவராம். வளைவு திரும்பியதும் யானை.

"உங்களுக்கு யானைமேல் கோபம் இல்லையா?" என்றேன்.

"அதுக்கும் ஊட்டுக்குப் போகணுமில்ல ஸார்?"

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் விளக்கு அணைந்தது. யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. காத்திருந்தவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டபடி, கூட்டமாக இறங்கிப் போனார்கள். எங்களை விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அன்று ராத்திரி தகரக் கூரையில் மழைச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. இந்த அமைதிக்கு யார் யாரோ கண்விழித்துக் காவல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

வால்பாறைக்குப் போகிறவர்கள் குடையையும் புகையிலைத் தூளையும் மறக்க வேண்டாம். இருட்டிவிட்டால் கம்பத்து உச்சியை ஒரு தரம் பார்த்துவிட்டு நடங்கள்.