பதினான்கு தவணைகள்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறரிடம் வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். நாம் செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்த நம் முன்னோர், ஒன்று மற்றொன்றை இழுத்து வரும் என்பதை அறிந்தே இருந்தனர் போலும். எங்கள் இல்லத்தில் அவ்வாறுதான் நேர்ந்தது. தாய்க்குச் செய்ய வேண்டிய கடன் முதலில் வந்தது; அதன் பின்னே வங்கிக் கடன் வந்தது.

நாங்கள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வசிக்கிறோம். எங்களுள் ஒருவர் கிண்டித் தொழிற்பேட்டையில் தனியார் நிறுவன ஊழியராய் இருந்தவர். மற்றவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் தாயார் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டைக்கு அழைத்துச் சென்று இயன்முறைப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றனர் மருத்துவர். பேருந்தின் படி அவருக்கு எட்டாது. ஷேர் ஆட்டோவின் நெரிசலை அவர் உடல் தாங்காது. தனி ஆட்டோவுக்குக் கொடுத்த கூலி, இரண்டே மாதத்தில் எங்கள் கணக்குப் புத்தகத்தைக் கலங்கச் செய்தது. ஆகவே அவ்வாண்டு ஜூலையில் ஒரு சிறிய காரை வாங்கினோம். கையிலிருந்த சேமிப்பை முன்பணமாகக் கட்டினோம்; மீதி 4,00,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 9.5 விழுக்காடு நிலையான வட்டி. 60 மாதத் தவணை. மாதம் 8,401 ரூபாய்.

கார் வாங்கியதைப் பற்றி எங்களுக்கு எவ்வித ஐயமும் இருந்ததில்லை. எங்களை உறங்கவிடாமல் செய்தது வேறொரு கணக்கு. முதல் தவணை 2021 ஆகஸ்டில். கடைசித் தவணை 2026 ஜூலையில். எங்களுள் ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளோ 2025 மே 31. இடையே 46 மாதங்களே இருந்தன. சம்பளம் நின்ற பிறகும் பதினான்கு தவணைகள் எஞ்சி நிற்கும். அவற்றைக் கட்டுவதற்கு வருங்கால வைப்பு நிதியை உடைக்க வேண்டும். அல்லது படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளின் முதல் சம்பளத்தில் கை வைக்க வேண்டும். இவ்விரண்டும் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே மனத்தினராய் இருந்தோம்.

கடன்பட்டவரின் நெஞ்சக் கலக்கத்தை இலங்கை வேந்தனின் துயருக்கு உவமையாக்கும் புகழ்பெற்ற வரி ஒன்றை மேடைதோறும் கம்பருடையது என்பர். கம்பராமாயணத்தில் அவ்வரி இல்லை. எழுதியவர் எவராயினும் மாதத் தவணையின் இயல்பை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பழங்காலக் கடன்காரர் வாசலில் வந்து நின்று கேட்டார். இக்காலக் கடனோ ஐந்தாம் தேதி விடியுமுன் ஓசையின்றி வந்து, கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவமானம் இல்லை, ஆதலால் அவசரமும் இல்லை. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்க்கவும் தோன்றுவதில்லை.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். முதல் மாதத் தவணை 8,401 ரூபாயில் வட்டிக்குப் போனது 3,167. அசலில் கழிந்தது 5,234. ஓராண்டு முழுவதும் கட்டிய தொகை 1,00,812 ரூபாய். அசல் குறைந்ததோ ஏறத்தாழ 65,600 மட்டுமே. எஞ்சிய 35,000 சொச்சமும் வட்டி. அறுபது மாதமும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 1,04,000 ரூபாயைத் தாண்டும். தவணைக் கடனில் வட்டி முன்பகுதியிலேயே கனக்கிறது. அசல் பெரிதாக இருக்கும் காலத்தில் வட்டியும் பெரிதாக இருப்பது இயல்பே. எனவே முன்கூட்டிக் கட்டுகிறவர் தொடக்க ஆண்டுகளில் கட்டினால்தான் பெரும்பயன்; கடைசி ஆண்டில் கட்டுவதால் மிஞ்சுவது சொற்பம்.

இவ்விடத்தில் வாசக அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. சிலர் ‘ஆறே விழுக்காடு’ என்று சொல்லிக் கடன் தருவர். அது குறையும் அசலுக்கு வட்டியா, தொடக்க அசலுக்கே ஐந்தாண்டும் போடப்படும் ‘ஃபிளாட்’ வட்டியா என்று கேட்டறிய வேண்டும். 4,00,000 ரூபாய்க்கு ஆறு விழுக்காடு ஃபிளாட் வட்டி என்றால் ஐந்தாண்டுக்கு 1,20,000 ரூபாய். குறையும் அசலின் கணக்கில் அது ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குச் சமம். சிறிய எண் எப்போதும் சிறிய வட்டி அன்று. 2024 அக்டோபர் முதல், தனிநபர்க்கு அளிக்கும் புதிய கடன்களுக்கு முக்கிய விவரங்களை ஒரே தாளில் தொகுத்து, கட்டணங்கள் உட்பட உண்மையான ஆண்டு வட்டி வீதத்தையும் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இனி எங்கள் வரவு செலவு. சம்பளம் கைக்கு வந்தது 38,000. பாடம் சொல்லித் தந்ததில் 5,000. ஆக 43,000 ரூபாய். தவணை 8,401. மளிகை, பால், காய்கறி 14,000. மருந்தும் பயிற்சியும் 4,500. மகளின் கல்லூரிக்கு 5,000. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 3,000. பெட்ரோலும் ரயில் சீசன் சீட்டும் 2,600. கோவில் காணிக்கை, உறவினர் இல்ல நிகழ்ச்சிகள் 1,500. மீதி நாலாயிரம். இந்த நாலாயிரமே எங்கள் படைக்கலம்.

அது கையை விட்டு நழுவாதிருக்கச் சில கட்டுப்பாடுகளை ஏற்றோம். கார் தாயாருக்கு உரியது. அலுவலகத்துக்கு மின்சார ரயிலே. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ரயில் எங்களைப் போன்ற எத்தனை குடும்பங்களைக் காத்திருக்கிறது! சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் அது. காரில் சில நாள் கிண்டி சென்று வரும் செலவில் ஒரு மாத சீசன் சீட்டே வாங்கிவிடலாம். கிறிஸ்துமஸ் புத்தாடை இரண்டு ஆண்டுகள் தாயாருக்கும் மகளுக்கும் மட்டுமே எடுத்தோம். மாதத் தொடக்கத்திலேயே நாலாயிரத்தைத் தொடர் வைப்பில் போட்டுவிட்டு, எஞ்சியதில் வாழக் கற்றோம். ஆண்டுக்கொருமுறை வந்த தீபாவளி போனஸ் 22,000 ரூபாயையும் அதனுடன் சேர்த்தோம்.

ஓராண்டு நிறைந்ததும் 2022 ஜூலையில் கையில் 70,000 ரூபாய் இருந்தது. இதை வங்கியிலேயே வைப்பாக விட்டிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டனர். வைப்புக்கு அப்போது கிடைத்த வட்டி ஐந்து, ஐந்தரை விழுக்காடு. கடனுக்கு நாங்கள் கொடுத்ததோ ஒன்பதரை. கடனை அடைப்பதே எங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வட்டி. நகையை அடகு வைத்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்றார் ஓர் உறவினர். ஒரு கடனை மற்றொரு கடனால் மூடுவது கடனின் முகவரியை மாற்றுவதேயன்றி அதைத் தீர்ப்பது ஆகாது என்று விடை கூறினோம்.

வங்கியில் 50,000 ரூபாய் செலுத்தினோம். முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு மூன்று விழுக்காடு கட்டணமும் அதன்மேல் வரியும் என ஒப்பந்தத்தில் இருந்தபடி 1,770 ரூபாய் பிடித்தனர். தனிநபர்க்குரிய மாறும் வட்டிக் கடன்களில் இத்தகைய கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே ஆணையிட்டுள்ளது. ஆனால் கார்க் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டிக்குத் தரப்படுவன. அவற்றுக்கு ஒப்பந்தமே அளவுகோல். அன்று அலுவலர் எங்களிடம் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது: “தவணைத் தொகையைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா?” தொகையைக் குறைத்தால் மாதம் 7,145 ரூபாய் கட்டினால் போதும், கடன் அதே 2026 ஜூலையில்தான் முடியும், மிஞ்சும் வட்டி ஏறத்தாழ 10,300 ரூபாய். தொகையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைத்தால் எட்டுத் தவணைகளுக்கு மேல் கழியும். மிஞ்சும் வட்டி ஏறத்தாழ 20,900. அதே ஐம்பதாயிரம், பயனோ இரட்டிப்பு. மாதங்களையே குறைக்கச் சொன்னோம்.

இரண்டாம் ஆண்டின் இறுதியில், 2023 ஜூலையில், எங்களுக்குள் முதன்முறையாகக் கருத்து வேறுபாடு எழுந்தது. கையில் மீண்டும் பணம் சேர்ந்திருந்தது. ஓய்வு நாளை எண்ணிக்கொண்டிருந்தவர், “அனைத்தையும் கட்டிவிடுவோம், நிம்மதியாக இருக்கலாம்” என்றார். மற்றவர், “வங்கியில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. முடிச்சூரில் வசித்துக்கொண்டு வெறுங்கையோடு மழைக்காலத்தை எதிர்கொள்வதா?” என்றார். மூன்று நாள் பேசினோம். முடிவில் 40,000 ரூபாய் கட்டினோம். கட்டணங்கள் போக 46,000 சொச்சத்தை வீட்டின் கையிருப்பாக வைத்தோம். மீண்டும் கணக்கிட்டபோது கடைசித் தவணை 2025 மே மாதத்தில், ஓய்வு பெறும் மாதத்திலேயே வந்து நின்றது.

மழைக்காலத்தைப் பற்றிய அச்சம் வீண் அச்சம் அன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இப்பகுதியினர் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. எச்சரிக்கை வந்தவுடனே காரைச் சேலையூரில் மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் விட்டு வந்தோம். வேளச்சேரிவாசிகள் மழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தின் மீது கார்களை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்துச் சிலர் நகைப்பதுண்டு. அவற்றுள் பல இன்னும் கடன் தீராத கார்கள் என்பதை நினைத்தால் நகைப்பு வராது. கார் மூழ்கினாலும் தவணை மூழ்குவதில்லை. நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால் வரும் பழுதுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதுமில்லை.

எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. குளிர்ப்பெட்டி, தண்ணீர் மோட்டார், தாயாரின் கட்டில், சுவரின் மின்கம்பிகள் எல்லாம் பழுதாயின. செலவு 40,000 ரூபாய்க்கும் மேல். கையிருப்பு அதற்கு விடை சொன்னது. புதுக்கடன் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மாதத் தவணையும் தவறவில்லை. வேகமாய் அடைக்க வேண்டும் என்ற ஒருவரின் துடிப்பும், கையைக் காலியாக்கக் கூடாது என்ற மற்றவரின் நிதானமும் சேர்ந்தே எங்களைக் கரை சேர்த்தன. பின்வந்த மாதங்களின் நாலாயிரம் நாலாயிரமாய் அக்கையிருப்பை மீண்டும் நிரப்பினோம்.

2025 மே மாதத்தில் கடைசித் தவணை கழிந்தது. 1,04,000 ரூபாய் ஆகவேண்டிய வட்டி, 74,400 அளவில் நின்றது. இரு முறை கொடுத்த கட்டணங்களைக் கழித்தாலும் மிச்சம் 26,000 ரூபாய்க்கு மேல். ஆயினும் தவணை முடிந்தவுடன் கடன் முடிந்ததாக எண்ணிவிடலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் பதிவாகி இருக்கிறது. வங்கி தரும் தடையில்லாச் சான்றையும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அப்பெயரை நீக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் நீக்க வேண்டும். தடையில்லாச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. பீரோவில் வைத்து மறந்தவர்கள் காரை விற்கும் நாளில் அலைகிறார்கள். நாங்கள் அடுத்த வாரமே தாம்பரம் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம்.

இன்று எங்கள் இல்லத்துக்குச் சம்பளம் இல்லை. சேமநல நிதியின் வட்டி, சிறிய ஓய்வூதியம், பாடம் சொல்லித் தருவதில் வரும் தொகை ஆகியவற்றைக் கொண்டு வாழ்கிறோம். மகள் வேலைக்குச் செல்கிறாள். தன் முதல் சம்பளத்தில் பாட்டிக்கு ஒரு சேலை வாங்கித் தந்தாள். அச்சம்பளத்துக்கு எங்கள் தவணை எதுவும் காத்திருக்கவில்லை. இருபத்தாறாயிரத்தைக் காட்டிலும் எங்களுக்குப் பெரிய மிச்சம் அதுவே. மூத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதற்காகக் கடன் வாங்குவது குற்றமன்று. ஆனால் அதன் சுமை இளையவரின் தோளில் இறங்காமல் நம் காலத்திலேயே இறக்கிவைப்பதும் நம் கடனே.