சிவப்புக் கோடு

மலர்க் குழுவினர் எம்மை அணுகி, "சேர், தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு கட்டுரை தரவேண்டும்" என வேண்டியபோது, பழஞ்செய்யுளொன்றின் நயம்பற்றியே யாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே தொடங்கினோம். ஆயின், இம்மலரை விரித்துப் படிக்கப்போகும் பழைய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் திணைக்களங்களிலும் தொழிற்சாலைகளிலும் முகாமையாளராய் அமர்ந்து பிறரை வேலைகொள்பவர்கள் என்பது நினைவிற்கு வந்தது. அவர்களுக்கு யாம் பகுபத உறுப்பிலக்கணம் கற்பித்தோம். மனிதரை வேலைகொள்ளும் முறையைக் கற்பித்தோமல்லேம். எமக்கே அது தெரிந்திருக்கவில்லை.

2014ஆம் ஆண்டில், வேறொரு பாடசாலையில், யாம் பகுதித் தலைவராக நியமிக்கப்பட்டோம். காலை 7.30க்கு ஆசிரியர் வரவு இடாப்பிலே சிவப்புக் கோடு இடுவது எம் கடமைகளுள் ஒன்று. விஞ்ஞானம் கற்பித்த இளைஞர் ஒருவர் தீவகத்திலிருந்து பேருந்தில் வருபவர். ஒரே கிழமையில் மூன்று நாட்கள் அவர் கையொப்பம் கோட்டின் கீழே விழுந்தது. மூன்றாம் நாள் ஆசிரியர் ஓய்வறையிலே, பலரும் கேட்க, "தம்பி, பிள்ளைகளுக்கு நேரந்தவறாமையை யார் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டோம். அவர் ஒன்றும் கூறாமல் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றார். கண்டிப்பான தலைவர் என நால்வர் எம்மை மெச்சினர். யாமும் மகிழ்ந்தோம், மறைப்பானேன்?

அவர் தந்தையார் பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடந்ததும், விடியுமுன் அவரைக் கழுவித் துடைத்து உணவூட்டி, அயல்வீட்டு அம்மையார் வந்தபின்பே மகன் பேருந்துக்கு ஓடியதும் எமக்குப் பின்னர்தான் தெரியவந்தன. சொன்னவர் பாடசாலைச் சிற்றூழியர். கேற்றடியில் நின்ற அவருக்குத் தெரிந்தது, அடுத்த மேசையில் இருந்த எமக்குத் தெரியவில்லை. அதற்குள் அவ்விளைஞர் இடமாற்றத்திற்கு விண்ணப்பித்துவிட்டார். அடுத்த தவணை தொடங்கியபோது அவர் இருக்கை வெறுமையாயிருந்தது. எட்டாந் தர மாணவர் இரண்டு மாதம் விஞ்ஞான ஆசிரியரின்றி இருந்தனர்.

இதில் நகைப்பிற்கிடமான செய்தி ஒன்றுண்டு. அதே தவணையிலேதான் திருக்குறளின் 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடலை யாம் வகுப்பில் விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரிய கலாசாலையில் ஈராண்டு பயின்று தராதரப் பத்திரமும் பெற்றவர் யாம். பிள்ளை உளவியல் அங்கே பாடமாயிருந்தது. உடன்பணிபுரியும் ஆசிரியருக்கும் உளம் உண்டென்பது பாடத்திட்டத்திலே வந்ததாக நினைவில்லை.

சில ஆண்டுகளின் பின்னர், தொழிற்சாலை முகாமையாளராகவுள்ள எம் பழைய மாணவர் ஒருவர் சிறு கைந்நூலொன்றைத் தந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற தொழிலகப் பயிற்சித் திட்டம் பற்றியது அது. பழகிய தொழிலாளர் படைக்குச் சென்றுவிட, கருவி பிடித்தறியாதவர் தொழிற்சாலைகளை நிறைத்த காலம் அது. அவர்களை மேற்பார்த்தவருட் பலரும் புதியவர். அவர்களுக்கெனத் தொழிலுறவுப் பாடமொன்று வகுக்கப்பட்டது. பத்துப்பேர் கூடுவர்; இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வுகள். விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கும் வழக்கம் அங்கில்லை. தன் தொழிலிடத்திலே உண்மையாக நேர்ந்த சிக்கலொன்றை ஒவ்வொருவரும் கொணர்ந்து எல்லார் முன்னும் வைத்தல் வேண்டும். இத்திட்டத்தின் பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ் பெற்றவர் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர். போரின் பின் யப்பானியரும் இதனை விரும்பி ஏற்றனர்.

கற்பவன் கல்லாதவிடத்துக் குற்றம் கற்பித்தவருடையதே என்பது அத்திட்டத்தாரின் கொள்கைகளுள் ஒன்று. ஆசிரியராகிய எமக்கு அது சற்றே சுட்டது. அதனினும் மிகுதியாகச் சுட்டது தொழிலுறவுப் பாடத்தின் முறை. செய்திகளைத் திரட்டுக, நிறுத்துத் தீர்மானிக்க, செயற்படுக, விளைவைப் பார்க்க என நான்கு படிகள். சம்பந்தப்பட்டவரோடு பேசி அவர்தம் கருத்தையும் மனநிலையையும் அறிதல் முதற்படியிலேயே அடங்கும். யாமோ மூன்றாம் படியிற் காலை வைத்தே தொடங்கியிருந்தோம், நான்காவதையும் பார்த்தோமல்லேம்.

இவ்வாறு கேட்டறிவது கட்டுப்பாட்டைத் தளர்த்தும் எனச் சிலர் கூறுவர். கேட்டபின்பும் கண்டிக்கவேண்டியவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். சோம்பலால் வாராதவரையும் யாம் கண்டுள்ளோம். அவர்பால் எமக்கு இரக்கமில்லை. ஆயின் அவரையும் கேட்டன்றோ அறிதல் வேண்டும்?

சென்ற ஆண்டு ஆசிரியை ஒருவரின் கையொப்பம் இரண்டு நாட்கள் கோட்டின் கீழே விழுந்தது. இடைவேளையில், வேறெவரும் இல்லாதபோது, "வீட்டில் ஏதும் கரைச்சலோ, பிள்ளை?" என வினவினோம். அவர் கூறியது ஈண்டு எழுதற்குரியதன்று. நேரசூசியில் அவருடைய முதற் பாடவேளையை மூன்றாம் பாடவேளையோடு மாற்றினோம். அதற்கு எமக்குச் சென்றது கால்மணி நேரமும் ஓர் அழிறப்பரும்.

தீவகத்து இளைஞரை 2019ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவிலே கண்டோம். "சேர்" என்று முன்போலவே வணங்கினார். தந்தையார் காலமாகிவிட்டார் என்றார். யாம் சொல்ல எண்ணியதைச் சொல்லாது, வெயிலைப்பற்றிப் பேசி விடைபெற்றோம். அவர் இப்போது கற்பிக்கும் பாடசாலையின் முகவரி எம்மிடம் உண்டு. இம்மலர் அச்சேறியதும் ஒரு பிரதி அம்முகவரிக்குச் செல்லும்.