ஓரத்தில் எழுதியது

போன ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, பாரிசிலிருந்து என் தங்கை மகன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். அங்கே ஒரு வக்கீல் நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்க்கிறான்.

"மாமா, ஒரு சின்ன உதவி. உங்க பிரெஞ்சு எங்க ஆபீஸ்காரங்க பிரெஞ்சைவிட சுத்தமா இருக்கும்" என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பித்தால் உதவி சின்னதாக இருக்காது என்பது உத்தியோகத்தில் கற்ற பாடம்.

பிரெஞ்சு விக்கிப்பீடியாவில் அவனுடைய நிறுவனத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதில் மூன்று இடம் சரியில்லையாம். தொடங்கிய வருஷம் தப்பு. கிளைகளின் எண்ணிக்கை பழசு. கடைசியில், பழைய கட்சிக்காரர் ஒருவர் போட்ட வழக்கில் நிறுவனம் தோற்று, நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானதைப் பற்றி ஒரு பத்தி. முதல் இரண்டையும் திருத்திவிட்டு, அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும்.

"நீங்களே செய்யலாமே?"

"எங்க ஆபீஸ்லேர்ந்து ஒருதரம் எடுத்தோம் மாமா. அரைமணி நேரத்துல திரும்ப வந்துடுச்சு. நீங்க புதுச்சேரியில இருக்கீங்க, பேரும் வேற. யாருக்குத் தெரியப்போவுது?"

"அந்தப் பத்தி பொய்யாடா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பொய்னு சொல்ல முடியாது மாமா. பழசு."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் அது சந்தைக்கடை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பக்கத்தின் மேலே 'இஸ்தோரிக்' என்று ஒரு சொல் இருக்கும். அதை அமுக்கினால், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு யார் எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்று முதல் நாளிலிருந்து எல்லாம் வரிசையாக வரும். இவர்கள் எடுத்ததும், யாரோ ஒரு தொண்டர் திருப்பி வைத்ததும் அதில் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே 'திஸ்க்யூசியோன்' என்று இன்னொரு ஏடு. சம்பந்தப்பட்டவர்கள் கட்டுரையில் தாங்களே கை வைக்காமல், நான் இன்னார், எனக்கு இதில் இந்தச் சம்பந்தம், இந்தத் தப்பைத் திருத்துங்கள், இதோ ஆதாரம் என்று அங்கேதான் மனுப்போட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 2014லேயே விதி போட்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கப் படிக்க எனக்குப் பழைய பதிவேட்டுப் பிரிவு ஞாபகம் வந்தது. எத்தா சிவில் ஏடுகளில் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. எழுதும்போதே தப்பு வந்தால் ஒரு கோடு மட்டும் போட்டு, இத்தனை சொல் அடிக்கப்பட்டது, செல்லாது என்று எண்ணி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்த சொல்லையும் படிக்க முடிய வேண்டும். கையெழுத்தான பிறகு தப்பு தெரிந்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தீர்ப்பு வந்ததும் ஓரத்தில் குறிப்பு எழுதுவோம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்தா ஒருவரின் விதவை வருவார். கல்யாணப் பதிவில் அவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் பென்ஷன் நின்றுபோயிருந்தது. "ஒரு சுழிதானே தம்பி, போட்டுடேன்" என்று கெஞ்சுவார். ஒருநாள் பேனாவைத் திறந்தேவிட்டேன். எங்கள் பெரிய குமாஸ்தா ஒன்றும் பேசாமல் ஏட்டின் மேல் கையை வைத்தார். அந்த அம்மாள் கோர்ட்டுக்கு அலைந்து தீர்ப்பு வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க எனக்கு அவர்மேல் கோபம். சரியான பெயரை ஓரத்தில் எழுதியது நான்தான்.

சரி, பாரிஸ் கதைக்கு வருகிறேன். வருஷத் தகராறுதான் எனக்குச் சுவையாக இருந்தது. பக்கத்தில் 1992 என்று இருந்தது. இவன் 1978 என்கிறான். பிரான்சில் ஒருகாலத்தில் கோர்ட்டில் வாதாடும் அவொக்கா வேறு, கட்சிக்காரருக்காக மனு, பத்திரம் தாக்கல் செய்யும் அவுவே வேறு, கம்பெனிகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் கோன்செய் ழுரிதிக் வேறு. 1971 டிசம்பர் 31 தேதியிட்ட சட்டம் கீழ்க் கோர்ட்டு அவுவேக்களை அவொக்காக்களோடு சேர்த்தது. கோன்செய் ழுரிதிக் தனித் தொழிலாகவே நீடித்தது. 1990 டிசம்பர் 31 தேதியிட்ட சட்டம்தான் அதையும் சேர்த்தது. அது நடைமுறைக்கு வந்தது 1992 ஜனவரி 1. இவர்கள் 1978இல் ஆலோசனை நிறுவனமாக ஆரம்பித்து, 1992இல் வக்கீல் நிறுவனமாக மாறியவர்கள். ஆக இரண்டு வருஷமும் சரிதான். எது எதற்கு என்பதுதான் விட்டுப்போயிருக்கிறது. தங்கை மகனுக்கே இது தெரியவில்லை!

அந்தப் பத்தியையும் பார்த்தேன். கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்போடு நின்றிருந்தது. வக்கீல்கள் அப்பீல் போகாமலா இருப்பார்கள் என்று அவனைக் கேட்டேன். போனார்களாம். தப்பு நிறுவனத்தின் மேல்தான் என்பதை அப்பீலும் உறுதி செய்தது, நஷ்டஈட்டுத் தொகையை மட்டும் பாதியாகக் குறைத்தது. அதே பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்திருக்கிறது.

"அப்ப அதைச் சேர்க்கச் சொல்லலாம்டா. எடுக்கச் சொல்ல மாட்டேன்."

"மாமா, பாதி குறைஞ்சதுன்னு போட்டா மீதிப் பாதி நிக்குமே!"

"நிக்கட்டும்."

என் பெயரிலேயே கணக்குத் திறந்து, திஸ்க்யூசியோன் ஏட்டில் எழுதினேன். இந்த நிறுவனத்தில் வேலை செய்பவர் என் தங்கை மகன், அவர் கேட்டுத்தான் எழுதுகிறேன், பணம் வாங்கவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னேன். பிறகு வருஷம், அப்பீல், கிளைகள். கையெழுத்துக்கு நாலு அலைக்குறி போட வேண்டும். அந்தக் குறி விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தேடவே எனக்குக் கால்மணி நேரம் ஆனது. மனு எழுதக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை.

பதினோரு நாள் கழித்து ஒரு தொண்டர் பதில் போட்டார். முதலில் வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. 1978க்கு நிறுவனத்தின் சொந்த இணையதளம் போதாது, வெளியார் எழுதியது வேண்டும் என்றார். தங்கை மகன் பழைய சட்டப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றைத் தேடி அனுப்பினான். இதழ் எண், பக்க எண்ணோடு கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார். அப்பீல் தீர்ப்பையும் ஒரு வாக்கியமாகச் சேர்த்தார். தப்பு உறுதியானது முதலில், தொகை குறைந்தது பிறகு. நானாக இருந்தாலும் அந்த வரிசையில்தான் எழுதியிருப்பேன்.

அவனுடைய மேலதிகாரிகள் எரிச்சலாகிவிட்டார்களாம். முன்பு மூன்று வரியாக இருந்த சங்கதி இப்போது நாலு வரி. அவனுக்கு அங்கே என்ன பேச்சு விழுந்ததோ, என்னிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவன் கூப்பிடவில்லை. பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. தங்கை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பெத்த பிள்ளை மாதிரி உன்ன நெனச்சுதான கேட்டான்ண்ணா, உனக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற எவனோ பெரிசாப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு, காப்பியைத் தொடாமலே போனாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

போன வாரம் அவனே கூப்பிட்டான். முழங்கால் வலி எப்படி இருக்கு, அங்கே பனி, பிள்ளைக்குப் பரீட்சை என்று பத்து நிமிஷம் பேசினான். அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நேற்று மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வருஷங்கள் சரியாக இருக்கின்றன. கிளைகளின் எண்ணிக்கை மட்டும் இன்னும் பழசுதான். அதற்கு வெளியார் எழுதிய ஆதாரம் ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.