முதலில் காக்கா

தனுஷ்கோடிப் பகுதியைத் தமிழக அரசு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததும், பூநாரை பார்க்கப் பழகலாம் என்று இராமேஸ்வரத்துக்குக் கிளம்பினேன். சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். “பூநாரைக்கு என்ன அவசரம் தம்பி? முதல்ல காக்கா” என்றார்.

பைனாகுலர் கிடையாது. கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேராக முறைத்தால் எழுந்துவிடும். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து கடைக்கண்ணால் பார்க்க வேண்டும். தங்கூசி என்கிற மீன்பிடி நைலான் இழை சுற்றி ஒரு விரலை இழந்த காக்கை எனக்கு அமைந்தது. கழுத்து சாம்பல், அதனால் வீட்டுக்காக்கை. அண்டங்காக்கை என்றால் கழுத்தும் கறுப்பாக இருக்கும்.

பங்குனியில் அதற்கு ஜோடி சேர்ந்தது. படகுத்துறைப் பூவரசில் இரண்டும் ஒட்டி உட்காரும். ஒன்று தலையைக் குனிந்து பிடரியைக் காட்டும்; மற்றது அலகு நுனியால் சாம்பல் இறகுகளை விலக்கி விலக்கிக் கோதும். கோதலுக்குக் கழுத்தைக் கொடுத்ததன் கண்ணில் வெண்சவ்வு மூடித் திறக்கும். பிறகு விரலில்லாதது தொண்டையில் கொண்டுவந்த மீன் துணுக்கை நீட்ட, மற்றது குந்தி, சிறகு நடுங்க, குஞ்சு போல வாய் பிளந்து வாங்கும். காக்கையில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுதான். ஊட்டுவது ஆண், வாங்குவது பெண் என்று வைத்துக்கொண்டுதான் நோட்டில் குறித்தேன்.

அவை சேர்ந்ததையும் பார்த்துவிட்டேன். அதைக் கண்டால் ஆகாது, போய்த் தலை முழுகு என்று கருவாடு காயப்போட்ட பாட்டி விரட்டினார். சாரிடம் சொன்னேன். “நேரம் எழுதினியா?” என்றார்.

காக்கை ஒளிக்காமல் கூப்பிட்டு உண்ணும் என்கிறார் வள்ளுவர். பாதி சரி என்பேன். அக்கினி தீர்த்தக் கரையில் அமாவாசைச் சோறு குவிந்தால் ஊரையே கூப்பிடும். கருவாட்டுத் துண்டு சிக்கினால் மூச்சுவிடாது. ஓரமாகப் போய் மணலில் செருகி, மேலே ஒரு சருகும் வைக்கும்.

சித்திரையில் கூடு கட்டின, சுள்ளியும் கம்பியுமாக. வழக்கமாக 4, 5 முட்டை இடும், நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி. அடைகாப்பு 16, 17 நாள். குயில் முட்டை கலந்திருந்தால் அது சில நாள் முந்திப் பொரியும். ஒரு காலை ஆண்குயில் பக்கத்து மரத்தில் கூவ, இரண்டு காக்கையும் அதைத் துரத்திக்கொண்டு போயின. அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண்குயில் கூட்டுப் பக்கம் போனது.

மரமேறிப் பார்க்கிறேன் என்றேன். சார் விடவில்லை. “ஏறினா வருஷக்கணக்கா உன்னை மறக்காதுங்க.” சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்துத் திரும்ப விட்டார்களாம்; பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காக்கைகள் கூடிக் கத்தின. அவர்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் தினமும் அதே துறைக்கு இதே முகத்தோடு போக வேண்டும்.